கண்ணீரும் கண்ணின் உள்நீரும் ஒன்றா? மிதக்கும் நிழல்கள் ஏன் கரைந்து வெளியேறுவதில்லை?

கேள்வி | பதிவிட்டவர்: வெண்திரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. சில மாதங்களாக, வெளிறிய வானத்தையோ வெள்ளைத் தாளையோ பார்க்கும்போது, நூலிழைகளாகவும் புள்ளிகளாகவும் சில நிழல்கள் கண்முன் மிதக்கின்றன. கண் மருத்துவர் பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு விழித்திரையைப் பார்த்துவிட்டு, அங்கே கிழிசல் எதுவும் இல்லை என்றும், கண்ணின் உள்ளே இருக்கும் கூழ் வயதினால் நீர்த்திருக்கிறது என்றும் கூறினார். அதே பரிசோதனையில் கண் அழுத்தம் இரண்டு கண்களிலும் 23 என்று வந்தது. அதற்காக வேறு சில சோதனைகளைச் செய்துகொண்டு மீண்டும் வரும்படி சொல்லியிருக்கிறார்.

நான் புரிந்துகொண்டிருப்பது இதுதான்: கண்ணுக்குள் நீர் நிறைந்திருக்கிறது, அதில் மிகுதியானது கண்ணீராக வெளியேறுகிறது, வெளியேறும் வழி சரியாக இல்லாததால் அழுத்தமும் ஏறியிருக்கிறது, அழுக்கும் உள்ளேயே தங்கி நிழலாகத் தெரிகிறது. அப்படியானால் நிறையத் தண்ணீர் குடித்தாலோ, கண்ணீரைப் பெருக்கும் சொட்டு மருந்தை விட்டாலோ இரண்டும் சரியாகிவிட வேண்டும் அல்லவா? மருத்துவரிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மட்டும் சொன்னார். ஏன் தொடர்பில்லை என்பதைக் கேட்க அப்போது நேரம் வாய்க்கவில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. கண்ணின் முன்பக்கப் படலமும் லென்ஸும் உயிருள்ள தசை, தோல் போன்றவைதாம் என்றால், அவற்றுக்குள் இரத்தம் ஓட வேண்டும். இரத்தம் ஓடினால் அவை எவ்வாறு ஒளியைத் தடையின்றி விடுகின்றன? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். சிகிச்சை ஆலோசனை கேட்கவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

பதில் | நீர்வழி

அன்புள்ள வெண்திரை அவர்களுக்கு, நீங்கள் ஒன்றாக எண்ணியிருப்பது உண்மையில் மூன்று தனித்தனி நீர்கள். அவற்றைப் பிரித்துவிட்டாலே கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

கண்ணீர் முழுக்க முழுக்கக் கண்ணுக்கு வெளியே இருப்பது. மேலிமையின் வெளியோரத்தில், எலும்புக் குழிக்குள் பதிந்திருக்கும் சுரப்பியிலிருந்து அது வருகிறது. கண்ணின் முன்பரப்பை ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலமாக நனைத்துவிட்டு, இமைகளின் உள்மூலையில் இருக்கும் நுண்துளைகள் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான். அந்த மெல்லிய படலத்திலும் இமையோரச் சுரப்பிகள் தரும் எண்ணெய் மேலே பரவி நீர் ஆவியாகாமல் காக்கிறது. அடியில் மியூசின் என்னும் வழவழப்பான பொருள் நீரைச் சீராகப் பரவச் செய்கிறது. இடைப்பட்ட நீரில் பாக்டீரியாவின் சுவரைச் சிதைக்கும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. பெனிசிலினைக் கண்டறிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1922-இல், அலெக்சாண்டர் பிளெமிங் விவரித்த நொதி அது. இந்தப் படலத்துக்கும் கண்ணின் உட்புறத்துக்கும் இடையே வடிகால் எதுவும் கிடையாது. ஆகவே எவ்வளவு அழுதாலும் உள் அழுத்தம் வடிந்துவிடாது. எவ்வளவு அழுத்தம் ஏறினாலும் அது கண்ணீராக வழியாது.

உங்கள் 23 என்ற எண்ணுக்குக் காரணமான நீர் வேறு. அதற்கு அக்குவஸ் என்று பெயர். கண்ணின் நிறத்தைக் காட்டும் ஐரிஸுக்குப் பின்னால் வளையமாக அமைந்திருக்கும் சிலியரி உறுப்பு, இரத்தத்திலிருந்து உப்பையும் நீரையும் தெரிந்தெடுத்து இதைச் சுரக்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோலிட்டர் என்பதால் ஒரு நாள் முழுவதும் சேர்த்தாலும் 3 மில்லிலிட்டர் அளவுதான் வரும். உறக்கத்தில் சுரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. சுரந்த நீர் லென்ஸின் முன்பரப்பைத் தழுவி, பாவை வழியாக முன்னறைக்குள் வந்து, அங்கே சிறிது சுழன்றபின், கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் கோணத்தில் இருக்கும் சல்லடை போன்ற திசுவுக்குள் நுழைகிறது. அதற்கு அப்பால் ஷ்லெம் கால்வாய் என்ற மெல்லிய வளையக் குழாயும், அதிலிருந்து வெண்விழியின் மேற்பரப்புச் சிரைகளுக்குச் செல்லும் நுண்குழாய்களும் உள்ளன. ஆக, இரத்தத்திலிருந்து வந்த நீர் இரத்தத்துக்கே திரும்புகிறது. முன்னறையில் உள்ள கால் மில்லிலிட்டர் நீர் முழுவதும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் புதிதாகிவிடுகிறது. இந்த முதன்மை வழியைத் தவிர, சிலியரித் தசையின் இழைகளுக்கு இடையே கசிந்து வெளியேறும் இரண்டாவது வழியும் உண்டு.

வரத்தும் போக்கும் சமமாக இருக்கும் நிலையில் அழுத்தம் ஓரிடத்தில் நிலைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். வரத்து மாறாமல் மதகு மட்டும் தூர்ந்துபோன ஏரியில் நீர்மட்டம் உயர்வதைப்போலத்தான் இங்கும் நிகழ்கிறது: அழுத்தம் ஏறியவர்களில் பெரும்பாலோருக்குச் சுரப்பு மிகுவதில்லை, வெளியேறும் சல்லடையின் தடைதான் மிகுகிறது. மருந்துகளும் இந்த இரண்டு முனைகளில்தான் வேலை செய்கின்றன. டிமோலால் சுரப்பைக் குறைக்கிறது. லட்டனோபிராஸ்ட் போன்றவை முக்கியமாக இரண்டாவது வழியைத் திறந்துவிடுகின்றன. கண்ணீரைப் பெருக்கும் சொட்டு மருந்து இவற்றுள் எதையும் தொடுவதில்லை. அது உலர்ந்த கண்ணுக்கானது.

தண்ணீர் குடிப்பது குறித்துக் கேட்டிருந்தீர்கள். சில நிமிடங்களில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்தால் கண் அழுத்தம் தற்காலிகமாக ஏறக்கூடும். கண்ணின் வடிகால் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க இதையே ஒரு சோதனையாகவும் செய்திருக்கிறார்கள். எனவே அழுத்தத்தைக் கழுவி இறக்கலாம் என்ற எண்ணத்தில் ஒரே மூச்சில் குடிப்பது எதிர்மறையான பலனைத்தான் தரும். நாள் முழுவதும் பரவலாகக் குடிப்பதில் தவறில்லை. அதனால் நிழல்கள் கரையவும் போவதில்லை.

நீங்கள் காணும் நிழல்கள் மூன்றாவது நீரில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் உள்ள கூழான விட்ரியஸில் இருப்பவை. அதைப்பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றே: அக்குவஸ் ஓடும் நீர், விட்ரியஸ் ஏறத்தாழ நின்ற நிலையிலேயே வாழ்நாள் முழுவதும் இருப்பது. ஒன்றின் வடிகால் மற்றொன்றின் குப்பையை வாரிச் செல்வதில்லை. உங்கள் மருத்துவர் தொடர்பில்லை என்று சொன்னதன் பொருள் இதுதான்.

பதில் | நுண்ணோக்கி

நீர்வழி அவர்கள் நீரோட்டத்தைச் சொல்லிவிட்டதால் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். இரத்தம் இல்லாமல் ஒரு திசு எவ்வாறு உயிர் வாழ்கிறது, உயிர் வாழ்ந்துகொண்டே எவ்வாறு ஒளியை விடுகிறது என்பவை தனித்தனிக் கேள்விகள்.

முதலாவதற்கு விடை எளிது. கார்னியாவிலும் லென்ஸிலும் இரத்தக் குழாய்கள் இல்லை. கார்னியாவுக்குக் குளுக்கோஸ் உட்பட உணவுப் பொருள்கள் பின்புறத்து அக்குவஸிலிருந்து வருகின்றன. ஆக்சிஜனில் பெரும்பங்கு முன்புறத்துக் காற்றிலிருந்து, கண்ணீரில் கரைந்து வருகிறது. கண்ணை மூடி உறங்கும்போது இமையின் உட்புற இரத்தக் குழாய்கள் அந்த வேலையை ஓரளவு ஏற்கின்றன. லென்ஸுக்கு அந்த வசதியும் இல்லை. அது முற்றிலும் தன்னைச் சூழ்ந்த திரவங்களையே நம்பியிருக்கிறது. அக்குவஸில் வைட்டமின் சி இரத்தத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ இருபது மடங்கு செறிவாக இருப்பது ஏன் என்பதற்கு, ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து இந்தத் திசுக்களைக் காப்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

அக்குவஸைப் பற்றி இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். அது இரத்தத்திலிருந்து வந்தாலும் அதில் புரதம் மிகமிகக் குறைவு. இரத்தத்துக்கும் அதற்கும் இடையே உள்ள உயிரணுக்களின் இறுக்கமான இணைப்புகள் புரதத்தைத் தடுத்துவிடுகின்றன. ஆரோக்கியமான கண்ணில் பிளவு விளக்கு என்ற கண்சோதனைக் கருவியின் மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்தினால், கார்னியாவில் அது கோடாகத் தெரியும், லென்ஸில் மீண்டும் தெரியும், இடையிலுள்ள நீரில் மட்டும் கறுப்பாக மறைந்துவிடும். ஐரிஸ் பகுதியில் அழற்சி ஏற்பட்டு அந்தத் தடுப்பு தளர்ந்தால், கசிந்த புரதம் ஒளியைச் சிதறடிப்பதால், அதே இடத்தில் கற்றை மங்கலாகத் தென்படத் தொடங்கும். மருத்துவர்கள் அழற்சியின் தீவிரத்தை இதைக் கொண்டே மதிப்பிடுகிறார்கள்.

இப்போது கடினமான கேள்வி. இரத்தம் இல்லாதது மட்டும் ஒளிபுகுவதற்குப் போதாது. குருத்தெலும்பிலும்தான் இரத்தக் குழாய் இல்லை, அதன் வழியாக நாம் எதையும் தெளிவாகப் பார்க்க முடிவதில்லை. இன்னும் வியப்பானது, கார்னியாவும் அதைத் தொடர்ந்து வரும் வெண்விழியும் பெரும்பாலும் ஒரே பொருளால், அதாவது கொலாஜன் இழைகளால் ஆனவை. வெண்விழியில் இழைகள் தடித்தும் மெலிந்தும், வெவ்வேறு இடைவெளிகளில், தாறுமாறாகப் பின்னியிருக்கின்றன. அதனால் எல்லா நிற ஒளியும் சிதறி வெண்மை தோன்றுகிறது. கார்னியாவின் நடு அடுக்கில், அதன் அரை மில்லிமீட்டர் தடிமனில் பத்தில் ஒன்பது பங்காக இருக்கும் அந்த அடுக்கில், ஏறத்தாழ 30 நானோமீட்டர் விட்டமுள்ள இழைகள் சீரான இடைவெளியில், இருநூறுக்கும் மேற்பட்ட தட்டுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இழையும் சிதறடிக்கும் ஒளி பக்கத்து இழையிலிருந்து சிதறும் ஒளியால் அழிக்கப்பட்டு, முன்னோக்கிச் செல்லும் ஒளி மட்டும் எஞ்சுகிறது என்று 1957-இல் டேவிட் மாரிஸ் விளக்கினார். மின்நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்கு அவர் கருதிய அளவுக்குப் படிகம் போன்ற ஒழுங்கோடு இல்லை என்ற மறுப்பு எழுந்தது. அவ்வளவு கறாரான ஒழுங்கு வேண்டியதில்லை, ஒளியின் அலைநீளத்தில் பாதிக்குக் குறையாத தூரத்தில் சராசரி அடர்த்தி மாறாமல் இருந்தாலே சிதறல் அடங்கிவிடும் என்று 1971-இல் ஜார்ஜ் பெனடெக் காட்டினார். மாரிஸின் கருத்தைத் தள்ளிவிடாமல், அதற்குத் தேவையான நிபந்தனையைத் தளர்த்திய விதத்தில் எனக்கு இது மிகவும் பிடித்த அறிவியல் விவாதங்களுள் ஒன்று.

ஆனால் இந்த ஒழுங்கு தானாக நிற்பதில்லை. இழைகளுக்கு இடையே உள்ள சர்க்கரைப் புரதங்கள் நீரை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் இயல்புடையவை. விட்டுவிட்டால் கார்னியா ஊதி, இடைவெளிகள் குலைந்து, வெண்மையாகிவிடும். அதைத் தடுப்பது கார்னியாவின் பின்சுவரில் ஒரேயோர் உயிரணுவின் தடிமனில் பரவியிருக்கும் எண்டோதீலிய அடுக்கு. சோடியத்தையும் பைகார்பனேட்டையும் அக்குவஸ் பக்கம் இறைத்து, அவற்றோடு நீரையும் வெளியே இழுத்துக்கொண்டே இருப்பது இதன் பணி. நடுவயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2,500 அளவில் இருக்கும் இந்த அணுக்கள் மனிதரில் மீண்டும் பெருகுவதில்லை. ஆண்டுதோறும் சிறிது குறைந்துகொண்டே வருகின்றன, எஞ்சியவை அகன்று இடத்தை நிரப்புகின்றன. எண்ணிக்கை 500 அளவுக்கு இறங்கினால் இறைப்பு போதாமல் கார்னியா வீங்கத் தொடங்குகிறது. பூக்ஸ் எனப்படும் எண்டோதீலியக் கோளாறு உள்ளவர்களுக்குக் காலையில் எழுந்தவுடன் பார்வை மங்கலாகவும் பிற்பகலில் தெளிவாகவும் இருப்பதற்குக் காரணமும் இதுவே: இரவில் இமை மூடியிருப்பதால் முன்பரப்பிலிருந்து நீர் ஆவியாவதில்லை, பகலில் அது ஆவியாகி நலிந்த இறைப்புக்குத் துணை செய்கிறது.

இரத்தக் குழாய் இல்லாததன் இன்னொரு விளைவு கார்னியா மாற்று அறுவை. உடலின் எதிர்ப்பு அணுக்கள் எளிதில் சென்றடையாத இடம் என்பதால்தான், 1905-இல் ஒலோமௌட்ஸ் நகரில் எட்வார்ட் ஸிர்ம் செய்த முதல் வெற்றிகரமான மாற்று, வேறு எந்த உறுப்பு மாற்றுக்கும் பல பத்தாண்டுகள் முன்பாகவே நிலைத்தது. இன்று எண்டோதீலியம் மட்டும் பழுதுற்றவர்களுக்கு அந்த மெல்லிய பின்னடுக்கை மட்டும் மாற்றிப் பொருத்துகிறார்கள்.

லென்ஸ் வேறு உத்தியைக் கையாள்கிறது. அதன் இழையணுக்கள் முதிரும்போது தம் உட்கருவையும் மைட்டோகாண்டிரியாவையும், ஒளியைச் சிதறடிக்கக்கூடிய மற்ற உள்ளுறுப்புகளையும் அழித்துவிட்டு, கிரிஸ்டலின் என்னும் புரதத்தால் தம்மை நிரப்பிக்கொள்கின்றன. அந்தப் புரதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடைக்கு நெருக்கமாகச் செறிந்திருப்பதாலேயே, மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று குறுகிய தூர ஒழுங்கில் அமைந்து, சிதறல் குறைகிறது. நீர்த்த கரைசலைவிடச் செறிந்த கரைசல் தெளிவாக இருப்பது நம் அன்றாட அனுபவத்துக்கு மாறானது. ஆனால் உட்கரு இல்லாத அணுவால் பழுதான புரதத்துக்கு மாற்றாகப் புதியதைச் செய்ய இயலாது. லென்ஸின் நடுப்பகுதியில் இருப்பவை நாம் பிறப்பதற்கு முன்பே உருவான அதே மூலக்கூறுகள். ஆல்பா கிரிஸ்டலின், சிதைந்து விரியத் தொடங்கும் பிற புரதங்களைப் பற்றிக்கொண்டு அவை திரளாமல் காக்கிறது. பல பத்தாண்டுகளில் அதன் இருப்பும் தீர்ந்துபோக, புரதங்கள் திரண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. கண்புரை என்பது அதுதான். கண்ணின் மேல் வளரும் படலம் அன்று.

கேள்வி கேட்டவர் | வெண்திரை

இருவருக்கும் மிக்க நன்றி. கண்ணீருக்கும் உள்நீருக்கும் வழியே இல்லை என்பது எனக்குப் புதிய செய்தி. இப்போது விட்ரியஸ் பற்றித்தான் குழப்பம். அது நின்ற நிலையிலேயே இருப்பது என்றால், அதை எடுத்துவிட்டுப் புதிய நீரை நிரப்ப முடியாதா? கூழாக இருந்தது நீராவதில் என்ன கேடு, நீர்தான் இன்னும் தெளிவாக இருக்குமே? நிழல்களைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று இணையத்தில் விளம்பரங்கள் வருகின்றன. அவற்றையும் நம்பலாமா என்று சொல்லுங்கள்.

பதில் | பின்னறை

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம்: நம்பாதீர்கள். கண்ணில் விடும் ஒரு சொட்டில் பெரும்பகுதி கன்னத்தில் வழிந்தோ மூக்கில் வடிந்தோ போய்விடுகிறது. கார்னியாவைக் கடந்து முன்னறைக்குள் செல்வது மிகச் சிறு பங்கு. அதையும் அக்குவஸின் ஓட்டம் வெளியே கொண்டுபோய்விடுகிறது. லென்ஸையும் தாண்டி விட்ரியஸின் நடுவே பயனுள்ள அளவில் சேர்வது அரிது. விழித்திரை நோய்களுக்கான மருந்துகளை ஊசி மூலம் நேரடியாக விட்ரியஸுக்குள் செலுத்துவதற்குக் காரணமே இதுதான்.

விட்ரியஸ் ஏறத்தாழ 4 மில்லிலிட்டர் கொள்ளளவுடையது. விழிக்கோளத்தின் ஐந்தில் நான்கு பங்கு. அதில் 98 விழுக்காட்டுக்கும் மேல் தண்ணீர்தான். எஞ்சிய மிகச் சிறு பங்கில் இருக்கும் மெல்லிய கொலாஜன் இழைகளும், அவற்றின் இடையே நீரைப் பிடித்து வைத்து இழைகளை விலக்கி நிறுத்தும் ஹயலுரானிக் அமிலமும் சேர்ந்துதான் அந்த நீரைக் கூழாக நிறுத்துகின்றன. (கார்ல் மேயரும் ஜான் பால்மரும் 1934-இல் அந்த அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தது மாட்டுக் கண்ணின் விட்ரியஸிலிருந்தே, இன்று அது மூட்டு ஊசி முதல் முகப்பூச்சு வரை எங்கும் இருக்கிறது.) வயது ஏற ஏற இந்த இணக்கம் குலைகிறது. ஆங்காங்கே நீர்க்குளங்கள் தோன்றுகின்றன. அமிலம் விலகிய இடங்களில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றைகளாகின்றன. நீங்கள் காண்பது அந்தக் கற்றைகளை அல்ல, அவை விழித்திரையில் வீழ்த்தும் நிழலை. வெளிச்சமான வானத்தைப் பார்க்கும்போது பாவை சுருங்குவதால் நிழலின் விளிம்பு கூர்மையாகிறது. மங்கிய அறையில் அது கலைந்துவிடுகிறது. பார்வையைத் திருப்பி நிறுத்திய பின்னும் அவை சற்று நேரம் நழுவிக்கொண்டிருப்பது, அவை மிதக்கும் ஊடகம் கண்ணின் சுவரைவிடத் தாமதமாக நிற்பதால்.

கூழ் நீராவதில் என்ன கேடு என்று கேட்டீர்கள். தெளிவைப் பொறுத்தவரை பெரிய இழப்பு இல்லை. சிக்கல் விழித்திரையோடு உள்ள உறவில் இருக்கிறது. விட்ரியஸின் புறப்பரப்பு விழித்திரையோடு ஒட்டியிருக்கிறது: பார்வை நரம்பின் தலைப்பகுதியிலும், இரத்தக் குழாய்களின் ஓரத்திலும், முன்பக்க விளிம்பில் மிக உறுதியாகவும். உள்ளே நீர்த்துப்போன கூழ் ஒரு கட்டத்தில் பின்பக்கத்திலிருந்து பிரிந்து முன்னோக்கிச் சரிகிறது. இது பெரும்பாலோருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஏதோ ஒரு காலத்தில் நிகழும் இயல்பான மாற்றம். கிட்டப்பார்வை மிகுந்தவர்களுக்கு முன்னதாகவே நிகழலாம். பிரியும்போது விழித்திரை இழுபட்டால், அது வலியை உணராத திசு என்பதால், வெளிச்ச மின்னலாக மட்டும் உணர்கிறோம். ஒட்டுதல் வலுவாக உள்ள இடத்தில் விழித்திரையே கிழிந்துவிடுவதும் உண்டு. திடீரென நிழல்களோ மின்னல்களோ தோன்றி மருத்துவரிடம் வருபவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அத்தகைய கிழிசல் காணப்படுகிறது. கூழ் அந்தத் துளைக்குள் எளிதில் நுழையாது. நீர்த்த திரவம் நுழையும். நுழைந்து விழித்திரையைச் சுவரிலிருந்து உரித்துவிடும். ஆகவே தெளிந்த நீர் என்பதே அங்கு ஆபத்தாக மாறுகிறது. கிழிசலாக இருக்கும்போதே கண்டால் லேசர் மூலம் சுற்றிலும் ஒட்டவைத்துவிடலாம். விலகிய பின் அறுவை சிகிச்சைதான்.

உங்கள் மருத்துவர் பார்த்துக் கிழிசல் இல்லை என்று சொன்னது அன்றைய நிலை. பிரிதல் முழுமையடையப் பல வாரங்கள் ஆகலாம். புதிய நிழல்கள் மழையாகப் பொழிந்தாலோ, பக்கவாட்டில் மின்னல் அடித்தாலோ, பார்வையின் ஓர் ஓரத்தில் திரை இறங்கினாலோ, அன்றைய தினமே பாவையை விரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய நிழல்கள் அதே எண்ணிக்கையில், அதே வடிவில் இருந்தால் அவசரம் இல்லை. பெரும்பாலோருக்கு அவை காலப்போக்கில் கீழே தாழ்வதாலும், மூளை அவற்றைப் பொருட்படுத்தாமல் விடுவதாலும் தொல்லை குறைந்துவிடுகிறது.

எடுத்துவிட்டு வேறு நிரப்ப முடியுமா என்றால், முடியும். 1970-களின் தொடக்கத்தில் மயாமியில் ராபர்ட் மாக்மெர் வளர்த்தெடுத்த விட்ரெக்டமி என்ற அறுவை அதுதான். வெண்விழியில் நுண்துளைகளிட்டு, கூழை நறுக்கி உறிஞ்சி, அதே நேரத்தில் உப்புக் கரைசலைச் செலுத்துகிறார்கள். தேவைப்பட்டால் விழித்திரையை அழுத்திப் பிடிக்கச் சிறப்பு வாயுவையோ சிலிக்கோன் எண்ணெயையோ விட்டுவைக்கிறார்கள். வாயு உள்ளவர் அது கரையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது; உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து வாயு விரிவதால் கண் அழுத்தம் கடுமையாக உயரும். எடுத்த கூழ் மீண்டும் வளர்வதில்லை. அந்த இடத்தை உடலே சுரக்கும் அக்குவஸ் போன்ற திரவம் நிரப்பிக்கொள்கிறது, பார்வையும் நன்றாகவே இருக்கிறது.

அப்படியானால் எல்லோருக்கும் ஏன் செய்வதில்லை? தொற்று, விழித்திரை விலகல் ஆகிய ஆபத்துகள் சிறிய அளவிலாவது உண்டு. அவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு விட்ரெக்டமி செய்தால், அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலோருக்கு லென்ஸின் மையத்தில் புரை வந்துவிடுகிறது. விழித்திரையின் இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் ஆக்சிஜனை, கூழ் தன் வைட்டமின் சியின் துணையோடு செலவழித்து, லென்ஸின் பின்புறத்தை ஆக்சிஜன் குறைந்த நிலையில் வைத்திருக்கிறது என்பதும், கூழ் போனபின் ஓடித்திரியும் நீர் ஆக்சிஜனை லென்ஸுக்குக் கொண்டுசேர்க்கிறது என்பதுமே இப்போது பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். வெறும் இடத்தை நிரப்பும் பொருள் என்று நெடுங்காலம் கருதப்பட்ட கூழ், நுண்ணோக்கி அவர்கள் சொன்ன அந்தப் புதுப்பிக்க முடியாத புரதங்களுக்குக் காவலாக இருந்திருக்கிறது. ஆகையால் படிக்கவோ வாகனம் ஓட்டவோ முடியாத அளவுக்குத் தொல்லை இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்த அறுவையைப் பெரும்பாலான விழித்திரை நிபுணர்கள் பரிந்துரைப்பதில்லை. அந்தத் தயக்கம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

பதில் | ஒளிமானி

நண்பர்கள் உங்கள் 23 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். அதில் ஒரு திருத்தம் தேவைப்படலாம். கண்ணுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை யாரும் அளப்பதில்லை. கார்னியாவைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை அளந்து, அதிலிருந்து உள் அழுத்தத்தைக் கணிக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் கோல்ட்மேன் கருவி, கார்னியாவின் நடுத்தடிமன் 520 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும் என்ற அனுமானத்தில் வடிவமைக்கப்பட்டது. அதைவிடத் தடித்த கார்னியா கூடுதலாக எதிர்த்து நிற்பதால், உண்மையான அழுத்தத்தைவிட மிகுதியான எண்ணைக் காட்டும். மெல்லிய கார்னியாவில் நேர்மாறாக, ஆபத்தான அழுத்தம்கூட இயல்பாகத் தோன்றும். கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக லேசர் மூலம் கார்னியாவை மெலிதாக்கிக்கொண்டவர்கள், எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதும் இதனால்தான்.

உங்களைச் செய்துகொள்ளச் சொன்ன சோதனைகளுள் கார்னியாவின் தடிமனை அளப்பது ஒன்றாக இருக்கக்கூடும். வடிகால் கோணம் திறந்திருக்கிறதா என்று கண்ணாடி பொருத்திய சிறு வில்லையை வைத்துப் பார்ப்பது, பார்வை நரம்பின் இழை அடுக்கைப் படமெடுப்பது, பக்கவாட்டுப் பார்வையைச் சோதிப்பது ஆகியவையும் வழக்கமானவை. அழுத்தம் 21-ஐத் தாண்டியும் நரம்பு பழுதாகாதவர்கள் பலர் உண்டு. 21-க்குக் கீழே இருந்தும், பார்வை நரம்பு பழுதாகும் நோயான கிளாக்கோமாவால் நரம்பை இழப்பவர்களும் உண்டு. எனவே ஒரேயோர் எண்ணை வைத்து அஞ்சவும் வேண்டாம், அலட்சியமாக விடவும் வேண்டாம். நாளின் வெவ்வேறு நேரங்களில் அழுத்தம் ஏறி இறங்கும் என்பதால், மறுமுறை செல்லும்போது முன்பு அளந்த நேரத்தையும் சொல்லி, வேறொரு நேரத்தில் அளக்கக் கேளுங்கள். கழுத்தை இறுக்கும் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு, மூச்சை அடக்காமல் அமர்ந்திருங்கள். இரண்டுமே அளவை உயர்த்திக் காட்டக்கூடியவை.